மாஸ்ரர் எடுத்த தொண்ணூற்றாறு

என் கணவர் இறந்தபோது அவருடைய இரத்தத்தில் எவ்வளவு சீனி இருந்தது என்று எவருக்கும் தெரியாது. அதற்கு எட்டு மாதம் முன்னர் தொண்ணூற்றாறு இருந்தது என்று ஓர் ஆராய்ச்சிக் குழு கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்திருந்தது. அந்தத் தொண்ணூற்றாறை அவர் எப்படி எடுத்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அதில் பங்குண்டு. பாவற்காய் அரைத்தது நான்.

அவர் பெயர் தியாகராசா. ஊருக்குத் தியாகராசா மாஸ்ரர். முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவர். ஓய்வுபெற்ற பிறகும் வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு ரியூசன் நடத்தினார். பரீட்சை மண்டபத்தில் அவர் மேற்பார்வைக்கு நின்றால் பிள்ளைகள் தும்மக்கூட அனுமதி கேட்பார்களாம். நான் பிரதேச சபை நூலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஒருவரை ஒருவர் திருத்துவதுதான் எங்கள் இருவருக்கும் பொழுதுபோக்கு.

டொக்டர் கஜந்தினி எங்கள் ஊருக்கு முதன்முதலில் வந்தது ஒரு மாசி மாதம். மெலிந்த பிள்ளை. ஸ்கூட்டியில் வந்து இறங்கி, ஹெல்மெற்றைக் கழற்றாமலே பாதி ஊரோடு கதைத்துவிட்டாள். பிறகு சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தாள். எங்கள் ஊர் மருதனார்மடத்துக்குக் கிட்ட, தோட்டக்காரர் ஊர். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீற்றர் தள்ளி, வடகரையில் ஒரு மீன்பிடி ஊர் இருக்கிறது. இரண்டின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எழுதினால் கடற்கரையார் சிரித்துவிட்டு விடுவார்கள், எங்கள் ஊர்க்காரர் வழக்குப் போடுவார்கள். இரண்டு ஊருக்கும் ஒரே அரிசி, ஒரே வெயில், ஒரே யுத்தம். ஆனால் கடற்கரை ஊர் ஆண்கள் எங்கள் ஊர் ஆண்களைவிடப் பத்து வருடம் முந்திச் சாகிறார்கள். அதற்குமுன் கால்களையும் இழக்கிறார்கள். ஏன் என்பதைக் கண்டுபிடிக்கத்தான் அவள் வந்திருந்தாள். இரண்டு ஊரிலும் நூற்றிருபது பேர் வீதம் இரத்தம் எடுத்துப் பார்த்து, சாப்பாடு, பழக்கவழக்கம் எல்லாம் கேட்டு எழுதுவதாகத் திட்டம்.

"நீங்கள் வழமையா எப்பிடி இருக்கிறியளோ அப்பிடியே இருங்கோ. அடுத்த ஞாயிறு காலமை வெறுவயித்தோடை வந்தால் போதும்" என்றாள்.

முன்வரிசையில் இருந்த என் கணவர் எழும்பினார்.

"பிள்ளை, ஒரு சின்ன விளக்கம். எத்தினைக்குக் கீழை இருக்க வேணும்?"

"நூறுக்குக் கீழை எண்டால் நல்லது ஐயா. நூற்றிருபத்தாறும் அதுக்கு மேலையும் எண்டால் சலரோகம்."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்து எழுதிக்கொண்டார். பின்னால் இருந்த முருகேசுவும் எழுதினார். முருகேசு என் கணவரோடு படித்தவர், எட்டாம் வகுப்பிலிருந்து அவரோடு போட்டி. அந்தப் பிள்ளை அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தேகப்படாததோடு நிற்காமல், சனம் கேள்விகளுக்குப் பயப்படக்கூடாது என்று கேள்வித்தாளின் பிரதி ஒன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். யாழ்ப்பாணத்தில் வினாத்தாளை மேசையில் விட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஏறிப்போன ஒருவரை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. பின்னேரமே சந்தியில் நூற்றிருபது போட்டோக்கொப்பி அடித்தாயிற்று.

இதைப் பரீட்சைப் பைத்தியம் என்று மட்டும் எழுதினால் பாதிதான் உண்மை. மற்றப் பாதி கலியாணம். இப்போதெல்லாம் சாதகக் குறிப்புப் பொருந்தியதும் மாப்பிள்ளை வீட்டார் குரலைத் தாழ்த்திக் கேட்பது "வீட்டிலை ஆருக்கும் சீனி இருக்கோ" என்பதுதான். ஆகவே எங்கள் ஊரில் எவருக்கும் சீனி வருத்தம் கிடையாது. இருக்கிறவர்கள் பஸ் ஏறிச் சாவகச்சேரிப் பக்கம் ஒரு தனியார் டொக்டரிடம் போவார்கள். அங்கே வாங்கிலில் ஊர்க்காரர் நாலுபேர் முதலே இருப்பார்கள். எல்லாரும் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் மகள் சுபாஜினிக்கு அளவெட்டியில் ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். அதனால் என் கணவர் சாவகச்சேரிக்குக்கூடப் போகவில்லை. கனடாவிலிருந்து வந்த, மருமகன் முறையான ஒருவன் கொண்டுவந்த மெசினில் ஒருநாள் விரலைக் குத்திப் பார்த்தார். இருநூற்று நாற்பத்துமூன்று காட்டியது. மெசின் பிழை என்று அலுமாரியின் மேல் வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை தொடக்கம் எங்கள் கொட்டிலில் வகுப்பு நடந்தது. சின்னப் பிள்ளைகளின் வாங்குகளில் வளர்ந்த மனுசர் முழங்காலை மடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

"பதினாலாம் கேள்வி. கிழமையிலை எத்தினை நாள் மீன், இறைச்சி? சிவகரன், சொல்லும்."

சிவகரன் என் தம்பி. ஐம்பத்துநாலு வயது. கோவாவும் வெங்காயமும் போடுகிற தோட்டக்காரன். எதற்கும் அவசரப்படாதவன்.

"அஞ்சு நாள், அத்தான்."

"நான் உம்மட்டை உண்மை கேக்கேல்லை. விடை கேட்டனான்."

"அப்ப, ஒரு நாளும் இல்லை."

"எல்லாரும் ஒரு நாளும் இல்லை எண்டால் கொப்பியடிச்சதெண்டு அந்தப் பிள்ளைக்கு விளங்கும். கோயில் ஒழுங்கை முழுக்கச் சைவம். வாய்க்காலுக்கு அங்காலை இருக்கிறவை கிழமையிலை ஒரு நாள் மீன் எண்டு சொல்லுங்கோ."

"நாங்கள் என்ன பாவஞ்செய்தனாங்கள்?" என்று முருகேசு எழும்பினார். அவர் வீடு வாய்க்காலுக்கு அங்கால். "உங்களுக்குச் சைவம், எங்களுக்கு மீனோ?"

"புள்ளிவிபரமடாப்பா. இயற்கையாய் இருக்க வேணும்."

"அப்ப கோயில் ஒழுங்கை மீனைத் தின்னட்டும். நாங்கள் சைவம்."

கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டுத் தீர்த்தார்கள். சாராயக் கேள்விக்கு "சளிக்கு மட்டும்" என்பது பொது விடை. உடற்பயிற்சிக்கு எல்லாரும் காலையில் தோட்டம் கொத்துவது. ஓய்வுபெற்ற தபாலதிபரும் கொத்தினார்.

வியாழனிலிருந்து ஊர் முழுக்கக் கஞ்சி. மருதனார்மடச் சந்தையில் பாவற்காய் தீர்ந்துபோய், வியாபாரிகள் ஏதோ புது விரதம் வந்துவிட்டதாக நினைத்தார்கள். சாவகச்சேரி டொக்டரிடம் மருந்தெடுப்பவர்கள் குளிசையை இரண்டு மடங்காக விழுங்கினார்கள். முருகேசு கீரிமலைக்கு நடந்து போய், முழுகிவிட்டு நடந்து வந்தார். என் கணவர் சனிக்கிழமை பின்னேரம் கிணற்றடியில் தலைசுற்றி இருந்துவிட்டார். ஒரு கரண்டி தேன் தரட்டுமா என்று கேட்டேன்.

"மூண்டு நாள் படிச்சதை ஒரு கரண்டியிலை அழிக்கச் சொல்லுறீர்" என்றார்.

ஞாயிறு காலை அந்தக் குழு கண்ட வெறுவயிறுகளை எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் கண்டிருக்கமாட்டார்கள். மெசின் உடனேயே இலக்கத்தைச் சொல்லியது. டொக்டர் பிள்ளை ஒவ்வொருவருக்கும் காதோடு மெதுவாகச் சொன்னாள். அவர்கள் வாசலில் நின்று உரத்துச் சொன்னார்கள். என் கணவர் தொண்ணூற்றாறு. சிவகரன் நூற்றிநாலு.

"நூற்றிநாலோ? நேற்று என்ன திண்டனீர்?"

"ஒரேயொரு மோதகம், அத்தான்."

"அதுதான் நாலு புள்ளி."

முருகேசு எண்பத்தெட்டு. என் கணவர் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

ஆறு கிழமையால் டொக்டர் வந்து படம் போட்டுக் காட்டினாள். எங்கள் ஊர்ச் சராசரி தொண்ணூற்றொன்பது. கடற்கரை ஊர்ச் சராசரி நூற்றைம்பத்தொன்று. எங்களைப் பாதுகாத்தவை சைவச் சாப்பாடும் விரதமும் தோட்ட வேலையும். கைதட்டல் நிலையத்துக் கூரையைத் தூக்கியது. என் கணவர் நன்றியுரை சொன்னார். ஒழுக்கம்தான் ஆரோக்கியத்துக்கு அடிப்படை என்று பத்து நிமிடம் பேசினார். நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அன்றைக்கு எனக்கும் அது பகிடியாகத்தான் இருந்தது.

பகிடி எங்கே முடிந்ததென்றால், அவர் அதை நம்பத் தொடங்கிய இடத்தில். முதல் இரண்டு மாதம் கடிதத்தைப் பார்த்துக் கண்ணடிப்பார். மூன்றாம் மாதம் கண்ணடிப்பது நின்றது. உள்ளங்காலில் எறும்பு ஊருவதுபோல இருக்கிறது என்றார். வாசல் படலையடியிலிருந்து கொட்டிலுக்கு வர மூச்சு வாங்கினார். கிளினிக்குக்குப் போவோம் என்றேன்.

"எனக்கு என்னத்துக்கு? தொண்ணூற்றாறு."

"இஞ்சாருங்கோ, அந்தத் தொண்ணூற்றாறு எப்பிடி வந்ததெண்டு எனக்குத் தெரியும்."

"எப்பிடி வந்தாலும் வந்தது வந்ததுதான். இரத்தம் பொய் சொல்லுமோ?"

கொப்பியடித்துச் சித்தியடைந்தவன் பிறகு தன்னைக் கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொள்வான் என்று அந்த மனுசன்தான் எனக்கு முப்பது வருடமாகச் சொல்லிவந்தார்.

ஐப்பசியில் ஒரு காலை, மல்லித்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சுக்குள் வாய்வு என்றார். வேர்த்துக் கொட்டியது. இஞ்சியும் உள்ளியும் இடித்துத் தரச் சொன்னார். இடித்தேன். இதையும் நான்தான் இடித்தேன். ஓட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு ஷெல்லுக்குள்ளால் நடந்து தப்பிய மனுசன், வாய்வு என்று தானே பெயர் வைத்த ஒன்றுக்குச் செத்தார். செத்தவீட்டில் முருகேசு ஒப்பாரிக்கு நடுவில் என்னிடம் வந்து, "நல்ல சுகதேகி. தொண்ணூற்றாறு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நெடுநேரம் அழுதேன். எதற்கு எது என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சிவகரன் ஒரு காலை நொண்டினான். மண்வெட்டி பட்ட காயமாம், பெருவிரலுக்குப் பக்கத்தில். எப்போது பட்டது என்று கேட்டேன்.

"ஆவணியிலை."

"இது கார்த்திகை."

"ஆறும் அக்கா. என்ன அவசரம்?"

"நோகேல்லையோ?"

"அதுதான் விசேசம். ஒரு நோவுமில்லை."

நான் நூலகத்தில் இருந்தவள். நோகாத காயம் என்றால் என்ன என்று வாசித்திருக்கிறேன். கிளினிக்குக்குப் போகச் சொல்லிக் கெஞ்சினேன், ஏசினேன், நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். அவனிடமும் ஒரு கடிதம் இருந்தது. அவனுக்கும் கலியாண வயதில் ஒரு மகள் இருந்தாள்.

"அத்தானுக்கு விதி, அக்கா. எனக்கு நூற்றிநாலு. மோதகத்தைக் கழிச்சால் நூறு" என்றான்.

எனக்கு மிஞ்சியிருந்த கூடப்பிறந்தவன் அவன் ஒருவன்தான். அந்தக் கடிதம் செல்லாது என்று ஆக்கினால் ஒழிய அவன் அசையமாட்டான். அதைச் செல்லாததாக்க வேண்டுமென்றால், ஊரே கொப்பியடித்தது என்றும் கொப்பியடிக்கப் பழக்கியது என் புருசன் என்றும் நான் போய்ச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் எனக்கு அதற்கு மனம் வரவில்லை.

மனம் வரப்பண்ணியது தம்பிஐயா அண்ணை. அவர் அந்தக் கடற்கரை ஊர்க்காரர். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி எங்கள் ஒழுங்கைகளில் மீன் விற்பவர். செத்தவீட்டுத் துடக்கு முடிந்து ஒரு மாதத்தால், ஹோர்ன் அடிக்காமல் வந்து படலையடியில் நின்றார்.

"மாஸ்ரரைப் பற்றிக் கேள்விப்பட்டன், பிள்ளை. செவுளைத் தூக்கிப் பாக்காமல் ஒரு மீன் வாங்காத மனுசன்."

"ஓம், அண்ணை."

"ஒண்டு கேக்கட்டே? உங்கடை ஊர் முக்கால்வாசி சைவமாம். எங்கடை ஊர்க் கூட்டத்திலை டொக்டர் பிள்ளை படம் போட்டவ. நான் பின்னாலை இருந்து யோசிச்சன், அப்ப இருபது வருசமா நான் உந்த ஒழுங்கையளிலை ஆருக்கு மீன் வித்தனான், பேயளுக்கோ எண்டு."

அவர் பெட்டியின் மூடியைத் தட்டிக்கொண்டு நின்றார்.

"பகிடிதான், பிள்ளை. ஆனால் இப்ப எங்களுக்கு வகுப்பு வைக்கினம். மீனைக் குறையுங்கோ, கருவாட்டை விடுங்கோ, கீரை சமைக்கிறது இப்பிடி. என்ரை மச்சானுக்குக் கால் எடுத்தாச்சு. காரணம் கருவாடெண்டு எழுதியிருக்கினம். கிளினிக்கிலை நம்பர் குடுக்கிறது புதன் காலமை ஆறு மணிக்கு. எங்கடை ஊராலை முதல் பஸ் ஏழே கால். ஆறு மணி வள்ளம் கரைக்கு வாற நேரம். அவன் மூண்டு வருசத்திலை நாலு தரம்தான் போனவன்."

"உதை நீங்கள் சொல்லேல்லையோ?"

"கேட்டால்தானே சொல்லலாம். அவை கேட்டது கருவாட்டை."

"இரத்தம் எடுக்கேக்கை வெறுவயித்தோடைதான் போனியளோ?"

"ஓம். வெறும் தேத்தண்ணி மட்டும்."

"சீனி போட்டோ?"

"சீனி போடாமல்? இராமுழுக்கக் கடலிலை நிண்டு வாறவன் மூண்டு கரண்டி போட்டுக் குடிக்காட்டி ஊசியைக் கண்டவுடனை விழுந்துபோவான். தேத்தண்ணி ஒரு சாப்பாடே?"

அன்று நான் அரைக்கிலோ பாரை வாங்கி அதைச் சமைக்காமல் வைத்துக்கொண்டு இருந்தேன். அந்தப் பிள்ளை ஒரு வருடமாக ஆராய்ந்தது எங்கள் பாவற்காய்க்கும் அவர்களுடைய தேத்தண்ணிக்கும் இடையில் இருந்த தூரத்தை. அந்தத் தூரத்துக்குக் கருவாடு என்று பெயர் வைத்து எழுதியாயிற்று. அதை நம்பி என் தம்பியின் கால் இங்கே அழுகிக்கொண்டிருந்தது.

அடுத்தநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போனேன். கஜந்தினியின் அறையில் காகிதக்கட்டுகள் கூரைவரை இருந்தன. எல்லாவற்றையும் சொன்னேன். வகுப்பு, திருவுளச்சீட்டு, கஞ்சி, இரட்டைக் குளிசை, தபாலதிபரின் மண்வெட்டி. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு கேட்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிக்கிறாள் என்றும் இருந்தது.

"நூற்றிருபது பேருமோ, அம்மா?"

"நூற்றிப்பதினெட்டு. ரெண்டு பேர் வகுப்புக்கு வரேல்லை."

"அவை ரெண்டு பேரும் ஆரெண்டு சொல்லுவியளோ?"

"உங்கடை கடதாசியிலையே தெரியும், பிள்ளை. இருநூறுக்கு மேலை வந்தது அவைக்குத்தான்."

அவள் கையை எடுத்தாள். "அவையை நான் விதிவிலக்கெண்டு ஒதுக்கி வைச்சனான்" என்றாள்.

பிறகு, கடற்கரைத் தேத்தண்ணியையும் ஆறு மணி நம்பரையும் சொன்னேன். அப்போது அவள் சிரிக்கவில்லை. ஒரு கொப்பியில் எழுதினாள். வெறுவயிறு என்றால் என்ன என்று தான் விளங்கப்படுத்தாதது தன் பிழை, பஸ்ஸைக் கேட்காதது அதைவிடப் பெரிய பிழை என்றாள். வயதுக்கு நல்ல நேர்மை.

"வேறை ஒரு முறை இருக்கு, அம்மா. மூண்டு மாதச் சராசரியைச் சொல்லும். கடைசி மூண்டு நாள் பட்டினி கிடந்து ஏமாத்த ஏலாது. அப்ப அதுக்குக் காசு காணாமல் விட்டனாங்கள். எப்பிடியும் ஒரு மெசின் இரவல் எடுக்கிறன். ஆனால் ஊருக்கு மறைச்சுச் செய்யமாட்டன். என்ன பாக்கிறமெண்டு சொல்லிப்போட்டுத்தான் எடுப்பன். அவை வருவினமோ?"

"தெரியாது" என்றேன். "என்ரை தம்பி வரவேணும்."

தை கடைசியில் திரும்பக் கூட்டம். கஜந்தினி மூன்று மாதக் கதையை விளங்கப்படுத்தி, விருப்பமானவர்கள் இன்றைக்கே பார்க்கலாம் என்றாள். முருகேசு எழும்பினார்.

"டொக்டர், குறை நினைக்கக்கூடாது. மூண்டு மாதச் சராசரியெண்டால், மூண்டு மாதத்துக்கு முதலே அறிவிக்கிறதுதானே முறை?"

"அதுதானே" என்றது சபை. பகிடியில்லை, மனப்பூர்வமாகத்தான் சொன்னார்கள்.

பின்னாலிருந்து சிவகரன், "கடற்கரையிலை போய் எடுங்கோ. எங்களிட்டைப் பெறுபேறு கிடக்குத்தானே" என்றான். அவன் ஒரு காலில் செருப்பு, மறுகாலில் வேட்டிக் கிழிசல்.

நான் எழும்பினேன். இருபத்தாறு வருடம் "சத்தம் போடாதேங்கோ" என்று மட்டும் சபையில் பேசியவள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுருக்கமாகப் பேசத்தான்.

"என்ரை மனுசனுக்கு இருநூற்று நாற்பத்துமூண்டு இருந்தது. நாங்கள் அதைத் தொண்ணூற்றாறாக்கினனாங்கள். நானும் உதவி. நீங்கள் எல்லாரும் சாட்சி. அவர் பிறகு அதை நம்பிச் செத்தவர். சிவகரன்ரை கால் நாறுது. அவனும் அதை நம்பிக்கொண்டுதான் இருக்கிறான்."

"பராசக்தி, இருந்து கதையும். மாஸ்ரர் எங்களுக்குத் தெய்வம்" என்றார் முருகேசு.

"தெய்வமாக்கினதே அந்தத் தொண்ணூற்றாறுதான், முருகேசு அண்ணை."

சிவகரன் நொண்டிக்கொண்டு வெளியேறினான். செத்த மனுசனைக் காட்டிக்கொடுக்கிறாள் என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் யாரென்று தெரிந்திருக்கும், பிறகு அந்த வீட்டுக்குப் பலகாரம் கொடுக்க முடியாது. போய்க் கதிரையில் இருந்து கையை நீட்டினேன். ஆறு தசம் ஒன்று. ஆறரை என்றால்தான் சலரோகமாம். மெசின் புதினம் பார்க்க நாலுபேர் வந்தார்கள். நாலுபேருக்கு எவ்வளவு என்று அறிய இருபது பேர் வந்தார்கள். முருகேசுவுக்கு ஒன்பது தசம் நாலு. கீரிமலைவரை நடந்து எடுத்த எண்பத்தெட்டு அந்த இடத்திலேயே முடிந்தது. அவர் பேயறைந்தவர்போல வாங்கில் இருந்தார். பிறகு நிமிர்ந்து, "சிவகரனுக்குப் பதின்மூண்டாவது இருக்கும். அதுதான் ஓடினவன்" என்றார்.

"பதினாலு" என்றார் தபாலதிபர்.

"கால் அப்பிடியெண்டால் பதினைஞ்சு வரும்."

என் கெஞ்சலுக்கும் கண்ணீருக்கும் அசையாதவன், இந்தக் கதை ஒழுங்கையால் போய்ச் சேர்ந்த இருபதாவது நிமிடம் வாசலில் நின்றான். மூச்சு வாங்கியது. "ஆர் பதினைஞ்செண்டது?" என்று கேட்டுக்கொண்டே கதிரையில் இருந்தான். முழு நிலையமும் மெசினைச் சுற்றி நின்றது. பதினொன்று தசம் எட்டு.

"பாத்தியளோ" என்றான் முருகேசுவிடம்.

கஜந்தினி அதைக் கேட்கவில்லை. குனிந்து வேட்டிக் கிழிசலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை பார்த்தாள், எழும்பினாள், ஓட்டோ பிடிக்கச் சொன்னாள். வீட்டுக்குப் போய் உடுத்த சாரத்தை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றான் சிவகரன். அவள் அதற்கும் விடவில்லை.

அன்று பின்னேரமே அளவெட்டியிலிருந்து தொலைபேசி வந்தது. மாப்பிள்ளையின் தாய், கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டாவாம், யோசித்துச் சொல்லுகினமாம். சுபாஜினி வங்கியிலிருந்து வந்ததும் பயந்து பயந்து சொன்னேன்.

"அவவுக்கும் சீனிதான், அம்மா" என்றாள். "எங்கடை வீட்டிலை பால்தேத்தண்ணியை ஒரு வாயும் குடிக்காமல் கையிலை வைச்சிருந்த விதத்திலையே தெரிஞ்சது. யோசிக்கட்டும்."

ஆசுபத்திரியில் சிவகரனுக்கு இரண்டு விரலை எடுத்தார்கள். பாதம் தப்பியது. இன்னும் இரண்டு கிழமை போயிருந்தால் முழங்கால்வரை என்றாராம் சத்திரசிகிச்சை டொக்டர். நான் நாள்தோறும் மத்தியானம் சாப்பாடு கொண்டுபோனேன். அவன் என்னோடு கதைக்கவில்லை. முழு ஊருக்கும் முன்னால் கால் நாறுகிறது என்று சொன்னதை மன்னிக்க அவனுக்கு வழி தெரியவில்லை. நான் பெட்டியை வைப்பேன். அவன் சுவரைப் பார்ப்பான். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரோடு மட்டும் கதை. அவர் அந்தக் கடற்கரை ஊர்க் கடற்றொழிலாளி, கிறிஸ்துநாயகம். ஐம்பது வயதிருக்கும். ஒரு கால் முழங்காலோடு இல்லை.

ஒன்பதாம் நாள் நான் போனபோது இருவரும் இலக்கம் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கும் அந்த மூன்று மாதக் கணக்குப் பார்த்திருந்தார்களாம். ஒன்பது தசம் ஒன்பது.

சிவகரன் விரல்விட்டுக் கழித்துப் பார்த்தான். பரீட்சையில் கூடப் புள்ளி எடுத்தவனுக்குக் குறைந்த பரிசு கிடைத்ததுபோல ஒரு குழப்பம் அவன் முகத்தில் இருந்தது.

"எனக்குப் பதினொண்டு தசம் எட்டு, ரெண்டு விரல்தான் போனது. உங்களுக்கு என்னிலும் குறைவு. கால் போட்டுது. உது என்ன கணக்கு, அண்ணை?"

"உம்மடை காலை டொக்டர் பாத்து, நீர் இஞ்சை வந்து சேர எவ்வளவு நேரம் செண்டது?"

"ஒரு அரைமணித்தியாலம் வரும்."

"எனக்கு மூண்டு கிழமை. ஆறு மணி நம்பர் கிடைச்சால்தானே" என்றார் கிறிஸ்துநாயகம். சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு மற்றப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சிவகரன் தன் கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்தான். பக்கத்துக் கட்டிலில் இல்லாத அந்தக் காலின் பக்கம் பார்த்தான். கடைசியாக என்னைப் பார்த்தான். கையை நீட்டிச் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கித் திறந்து, ஒரு வாய் வைத்தான்.

"சம்பலுக்கு உப்பில்லை, அக்கா" என்றான்.

"இனி உப்பு வராது" என்றேன். "சாப்பிடு."